சைக்கிள் சீட்டில் வலி: எங்கே வலிக்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள்

"சீட் வலிக்கிறது, நல்லதாக ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது மூன்று கேள்விகள். எந்த இடத்தில் வலிக்கிறது? ஏறி எவ்வளவு நேரத்தில் தொடங்குகிறது? இறங்கிய பிறகு எவ்வளவு நேரம் நீடிக்கிறது? இவற்றுக்குப் பதில் கிடைத்தாலே பலருக்குப் புது சீட் தேவையில்லை என்று தெரிந்துவிடும். இருக்கிற சீட்டை ஒரு விரற்கடை இறக்கினால் போதும், அல்லது அதன் மூக்கை இம்மியளவு தாழ்த்தினால் போதும்.

அடிப்படை இதுதான்: உங்கள் எடையை எலும்பு சுமக்க வேண்டும். இடுப்பெலும்பின் அடியில் இரண்டு முண்டுகள் உண்டு. கெட்டியான பெஞ்சில் உட்கார்ந்து, இரு உள்ளங்கைகளையும் புட்டத்துக்கு அடியில் வைத்து முன்னும் பின்னும் ஆடிப் பாருங்கள். கையை அழுத்தும் அந்த இரண்டு முனைகள்தான் அவை. உட்காரும் எலும்பு என்றே இங்கே சொல்கிறேன். அவை இரண்டும் சீட்டின் அகன்ற பின்பகுதியில் முழுதாக ஏறி உட்கார்ந்தால், நடுவில் இருக்கும் மென்மையான சதைக்கும் நரம்புக்கும் பாரம் இறங்காது. கீழே வரும் ஒவ்வொரு கோளாறிலும் நான் தேடுவது, எடை இப்போது எதன் மேல் விழுகிறது என்பதைத்தான்.

கை வைக்கும் முன் அளந்து எழுதுங்கள்

அலன் கீ (பெரும்பாலும் 4, 5, 6 மி.மீ. போதும்), அளவு டேப், ரசமட்டம், ஒரு நூலும் அதில் கட்டக் கனமான நட்டும், கொஞ்சம் ஒட்டு டேப். சீட்டைப் பூட்டிப் பிடிக்கும் கிளாம்ப் பழைய வகை என்றால் இரு பக்கமும் நட்டு இருக்கும், அதற்கு ஸ்பேனர் வேண்டும்.

முதலில் இப்போதைய நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட் குழாயை ஒட்டியே மேலே போய் சீட்டின் மேற்பரப்பு வரை எவ்வளவு? சீட் மூக்கின் நுனியிலிருந்து ஹேண்டில்பார் மையம் வரை எவ்வளவு? சீட்டின் சாய்வு எப்படி? சீட் பில்லர், அதாவது சீட்டைத் தாங்கும் தண்டு, சைக்கிளின் சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் டேப்பைச் சுற்றி ஒரு கோடு போடுங்கள். இதைச் செய்யாமல் திருகத் தொடங்கியவர்கள் பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லாமல் வாரக்கணக்கில் அல்லாடியதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். உயரத்தையும் முன்பின் நகர்த்தலையும் ஒரு தடவைக்கு 5 மி.மீ.க்கு மேல் மாற்றாதீர்கள். இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். பார்க்கப் பொறுமைக்கான சோதனைபோல் தெரியும், ஆனால் இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணம் தந்தது என்று கடைசிவரை தெரியாது.

கவட்டில் மரத்துப்போகிறது

இதை முதலில் வைக்கக் காரணம் உண்டு. மற்ற வலிகளை ஒரு வாரம் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போடக் கூடாது. "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிறப்புறுப்புக்குப் போகும் நரம்பும் ரத்தக் குழாய்களும் கவட்டு வழியாகத்தான் போகின்றன. சீட்டின் மூக்கு அந்த இடத்தை நசுக்கும்போது முதலில் கூச்சம், பிறகு மரப்பு.

அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் ஆராயும் அரசு நிறுவனமான நியாஷ், சைக்கிளில் ரோந்து போகும் 90 போலீஸ்காரர்களுக்கு மூக்கில்லாத சீட்டைக் கொடுத்து 6 மாதம் ஓட்டச் சொன்னது. முடிவு 2008-ல் வெளியானது. கவட்டில் விழும் அழுத்தம் 66 சதவீதம் குறைந்திருந்தது. ஓட்டும்போது மரத்துப்போவதே இல்லை என்று சொன்னவர்கள் 27 சதவீதத்திலிருந்து 82 சதவீதமாகக் கூடியிருந்தார்கள். நாள் முழுக்க சைக்கிளில் இருப்பவர்களிடம் செய்த சோதனை இது என்பதால் நான் இதற்கு நிறைய மதிப்புக் கொடுக்கிறேன். மூக்கில்லாத சீட்தான் எல்லாருக்கும் சரி என்று இதற்கு அர்த்தமில்லை. தொடையால் சைக்கிளைத் திருப்பும் பிடிப்பு அதில் குறையும். ஆனால் அழுத்தத்தை எடுத்தால் மரப்பு போகும் என்பது தெளிவு.

சரிசெய்யும் வரிசை இது.

சாய்வைப் பாருங்கள். சைக்கிளைச் சமதளத்தில் நிறுத்தி, ஒரு கெட்டியான பலகையையோ அட்டையையோ சீட்டின் மேல் நீளவாக்கில் வைத்து, அதன் மேல் ரசமட்டத்தை வையுங்கள். மூக்கு மேலே தூக்கியிருந்தால் பெரும்பாலும் குற்றவாளி அதுதான். மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். போதவில்லை என்றால் 1 டிகிரி, பிறகு 2 டிகிரி கீழே. 3 டிகிரியைத் தாண்ட வேண்டி வந்தால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

அடுத்து உயரம். சீட் உயரமாக இருந்தால் பெடல் அடியில் போகும்போது கால் எட்டாமல் உடல் முழுதும் மூக்கின் மேல் தொங்கும். உயரம் கணிப்பதை முழங்கால் பகுதியில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவது அகலம். சீட் குறுகலாக இருந்தால் உட்காரும் எலும்புகள் விளிம்புக்கு வெளியே வழுக்கிவிடும், பாரம் நடுச்சதைக்கு வந்துவிடும். மரத்துப்போகிறவர்கள் "அகலமான சீட் இன்னும் அழுத்தும்" என்று நினைத்துக் குறுகலுக்குப் போவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

இவை மூன்றும் சரியாக இருந்தும் மரத்தால் நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட்டுக்கு மாறலாம். திறப்பு எல்லாருக்கும் ஒத்துவருவதில்லை. பெண்களில் சிலருக்குத் திறப்பின் விளிம்பே சதையைக் கவ்வி வீக்கம் தரும். அவர்களுக்கு இன்னும் அகன்று நீண்ட திறப்பு, அல்லது திறப்பே இல்லாமல் நடுவில் மட்டும் மென்மையான பஞ்சு வைத்த சீட் பொருந்தும். வீக்கமும் கிழிசல்போன்ற எரிச்சலும் வந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், எந்த இடம் என்று துல்லியமாகக் கவனியுங்கள். துல்லியம் இல்லாமல் திருத்தம் இல்லை.

ஓட்டும் பழக்கமும் உண்டு. 10 நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று அரை நிமிடம் மிதியுங்கள், ரத்தம் ஓடட்டும். இறங்கிச் சில நிமிடங்களில் உணர்வு திரும்பிவிட்டால் சீட்டைச் சரிசெய்யும் வேலை மட்டும்தான். மறுநாளும் மரப்பு இருந்தாலோ, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

எலும்பு முனைகளில் வலி

புதிதாக ஓட்டத் தொடங்கியவருக்கு, அல்லது பல மாதம் கழித்து ஏறியவருக்கு, முதல் இரண்டு வாரம் உட்காரும் எலும்பு இரண்டிலும் அடிபட்டதுபோல் வலிப்பது இயல்பு. அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்த தூரத்தை அடிக்கடி ஓட்டுங்கள். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் நீண்ட தூரம் போனால் உடம்புக்குப் பழக்கம் ஏறாது. மூன்று வாரமாகியும் வலி அப்படியே இருந்தால் தேட வேண்டியதுதான்.

இங்கே பெரும்பாலானவர்கள் செய்வது மெத்தென்ற ஜெல் உறை வாங்கிப் போடுவது. நானும் அப்படித்தான் செய்தேன். கையால் அழுத்திப் பார்த்தபோது தலையணைபோல் இருந்தது. முதல் பத்து நிமிடம் சுகம். 40 நிமிடத்தில் எலும்பு வலியோடு மரப்பும் சேர்ந்துகொண்டது. ஏன் என்று புரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் ஆயிற்று. மெத்தை மிக மென்மையாக இருந்தால் எலும்பு முனைகள் அதில் அமிழ்ந்து அடித்தட்டைத் தொட்டுவிடும். அவை அமிழ்ந்த அளவுக்கு நடுவில் இருக்கும் ஜெல் மேலே பிதுங்கி கவட்டை அழுத்தும். மாவில் இரண்டு கட்டைவிரலை அழுத்தினால் நடுவில் மேடு எழும்புமே, அதேதான். உறையைக் கழற்றி எறிந்த அன்றே மரப்பு நின்றது. குறைந்த தூரம், நிமிர்ந்த உட்காரல் என்றால் மெத்தை தாங்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுகிறவர் கெட்டியான சீட்டை நம்பலாம், அகலம் சரியாக இருக்கும் பட்சத்தில்.

அந்த அகலத்தை வீட்டிலேயே அளக்கலாம். நெளி அட்டை ஒரு துண்டு எடுங்கள், பொருள் வரும் பெட்டியின் அட்டை போதும். கெட்டியான, தட்டையான படியிலோ ஸ்டூலிலோ வையுங்கள். மெல்லிய உடையோடு அதன் மேல் உட்கார்ந்து, முழங்கால் இடுப்பைவிடச் சற்று மேலே வரும்படி பாதத்தை ஏதாவது ஒன்றின் மேல் தூக்கி வையுங்கள். இருக்கையின் விளிம்பைக் கையால் பிடித்து உங்களை நீங்களே கீழே இழுங்கள். அரை நிமிடம் போதும். எழுந்து அட்டையைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள், இரண்டு பள்ளங்கள் தெரியும். தெரியவில்லை என்றால் சாக்பீஸை படுக்கவைத்து மேலோட்டமாகத் தேயுங்கள், பள்ளம் வெள்ளையாகாமல் நிற்கும். ஒரு பள்ளத்தின் மையத்திலிருந்து மற்றதன் மையம் வரை அளந்துகொள்ளுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள்.

பெரியவர்களுக்கு இந்த அளவு பெரும்பாலும் 100 முதல் 160 மி.மீ.க்குள் வரும். இதோடு எவ்வளவு கூட்டுவது என்பது நீங்கள் உட்காரும் விதத்தைப் பொறுத்தது. ஹேண்டில்பாரைத் தாழ்வாகப் பிடித்து நன்றாகக் குனிந்து ஓட்டுபவருக்கு 20 மி.மீ., மிதமாகச் சாய்பவருக்கு 25, நிமிர்ந்து உட்காருபவருக்கு 30 முதல் 40. குனியும்போது இடுப்பு முன்னால் உருளும். அப்போது சீட்டைத் தொடுவது உட்காரும் எலும்பிலிருந்து முன்னோக்கிக் குறுகிப் போகும் எலும்பு விளிம்பு. அதனால்தான் கூட்டும் அளவும் குறைகிறது. விளையாட்டு வகை சீட்கள் 143, 155, 168 மி.மீ. போன்ற அளவுகளில் கிடைக்கின்றன. நிமிர்ந்து ஓட்டும் சைக்கிளின் சீட்கள் 200 மி.மீ.யையும் தாண்டும்.

உடல் பருமனைப் பார்த்து அகலத்தை ஊகிக்காதீர்கள். என் அத்தை மகன் ஆறடி, நல்ல கனம். அட்டையில் வந்தது 106. என் தங்கை ஒல்லி, அவளுக்கு 134. பெண்களுக்குச் சராசரியாக இந்த இடைவெளி அதிகம் என்பது உண்மை. அந்தச் சராசரி உங்களைப் பற்றி எதுவும் சொல்லாது, அட்டை சொல்லும்.

இன்னொன்றும் பாருங்கள். பின்னாலிருந்து பார்த்தால் சில சீட்கள் தட்டையாக இருக்கும், சில யானை முதுகுபோல் வளைந்திருக்கும். வளைந்த சீட்டில் விளிம்புகள் கீழே சரிவதால் எலும்பு உட்காரக்கூடிய உண்மையான அகலம் அச்சிட்ட எண்ணைவிடக் குறைவு. அகலம் கணக்குப்படி சரியாக இருந்தும் வலித்தால் இதையே முதலில் சந்தேகிப்பேன்.

அதிர்வால் வரும் வலி வேறு. கரடுமுரடான வழியில் மட்டும் வலித்தால் டயரில் காற்று அளவுக்கு மேல் இருக்கிறதா பாருங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவு வரை அடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அகன்ற டயரில் குறைந்த காற்று, புடைப்பு வரும்போது பெடலில் எழுந்து நிற்பது: இந்த இரண்டும் சீட் மாற்றுவதைவிட அதிகம் உதவும். முழுக்க நிமிர்ந்து உட்காருபவருக்கு எடை மொத்தமும் சீட்டின் மேல்தான். அவருக்கு ஸ்பிரிங் வைத்த அகன்ற சீட் நியாயமான தேர்வு. அதே ஸ்பிரிங் சீட்டைக் குனிந்து ஓட்டும் சைக்கிளில் போட்டால் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் மேலும் கீழும் ஆடும்.

தொடை இடுக்கில் உரசல், புண், கட்டி

துணியிலிருந்து தொடங்குங்கள். ஜீன்ஸின் நாலு தையலும் சந்திக்கும் முடிச்சு சரியாகக் கவட்டுக்குக் கீழே வருகிறது. அதன் மேல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேய்த்தால் எந்தச் சீட்டாலும் காப்பாற்ற முடியாது. சைக்கிளுக்கான பஞ்சு வைத்த ஷார்ட்ஸ் போட்டால் அதற்குள் உள்ளாடை போடக் கூடாது. போட்டால் அந்தத் தையல் மறுபடியும் நடுவில் வந்துவிடும். ஓட்டி முடித்ததும் கழற்றிக் குளித்துவிடுங்கள், துவைக்காமல் இரண்டாம் முறை போடாதீர்கள். ஈரமும் கிருமியும் உரசலும் சேரும் இடத்தில்தான் மயிர்க்கால்கள் வீங்கிக் கட்டியாகின்றன. உரசும் இடத்தில் அதற்கான கிரீம் தடவினால் தோல் வழுக்கிக்கொண்டு போகும், பிடித்து இழுபடாது.

கட்டி வந்துவிட்டால் பிதுக்காதீர்கள். சில நாள் சைக்கிளை ஓரம் கட்டுங்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். பெரிதாகிச் சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவர்தான். நாலு நாள் ஓய்வெடுக்க மனமில்லாமல் ஓட்டி, நாற்பது நாள் படுத்தவர்கள் உண்டு.

துணி சரி என்றால் சீட்டின் வடிவம். மேலிருந்து பார்த்தால் சில சீட்கள் பேரிக்காய்போல் மெதுவாக அகலும்; சில, மெல்லிய மூக்கு நேராகப் போய் பின்னால் சட்டென்று விரியும். தொடையின் உள்பக்கம் உரசுகிறவர்களுக்கு இரண்டாவது வகை நல்லது. அகலம் அதிகமாகிவிட்டதாலும் உரசும். உரசல் தொடையின் பின்மேல் பகுதியில், புட்டம் தொடங்கும் மடிப்பில் என்றால் அகலம் கூடிவிட்டது.

ஒரு பக்கம் மட்டும் புண் வந்தால் அது தனிக் கதை. நேர் பின்னாலிருந்து சைக்கிளைப் பாருங்கள். சீட் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா? அடியில் ஓடும் இரண்டு கம்பிகளில் ஒன்று வளைந்திருக்கிறதா? மூக்கு சட்டத்தின் நேர்கோட்டில் இருக்கிறதா? ஒருமுறை கீழே விழுந்த சைக்கிளில் இவற்றில் ஏதாவது ஒன்று நடந்திருக்கும். எல்லாம் நேர் என்றால், நீங்களே ஒரு பக்கம் சாய்ந்து உட்காருகிறீர்கள். கால்களில் ஒன்று சற்றுக் குட்டை என்றால் அந்தப் பக்கம் எட்டுவதற்காக இடுப்பு சாயும். சீட்டை 5 மி.மீ. இறக்கிப் பாருங்கள், குட்டைக் காலுக்கு எட்டினால் சாய்வு நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் சைக்கிள் பொருத்தம் பார்ப்பவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ காட்டுவது நல்லது.

முழங்கால் வலி, ஆடும் இடுப்பு, கீழ்முதுகு

சீட்டுக்கும் முழங்காலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பார்கள். முழங்காலின் முன்பக்கம், சில்லைச் சுற்றி வலித்தால் சீட் தாழ்வு, அல்லது அளவுக்கு மீறி முன்னால் இருக்கிறது. முழங்காலின் பின்பக்கம் இழுத்தால் சீட் உயரம், அல்லது பின்னால் போய்விட்டது. பின்னாலிருந்து ஒருவர் பார்க்கும்போது இடுப்பு இடமும் வலமும் ஆடினாலும், பெடல் அடியில் போகும்போது கால்விரல் கீழே குத்தினாலும் உயரம்தான். அப்படி ஆடும் இடுப்பு கீழ்முதுகை வலிக்க வைக்கும், தொடை இடுக்கையும் அரைக்கும்.

உயரத்துக்குக் குதிகால் முறை எளிது. சுவரில் கை ஊன்றிச் சீட்டில் உட்காருங்கள். பெடலைக் கீழே, கிராங்க் சீட் குழாயின் நேர்கோட்டில் வரும்படி வையுங்கள். ஓட்டும்போது போடும் காலணியின் குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் முழுக்க நீள வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முழங்கால் தானாகவே 25 முதல் 35 டிகிரி மடங்கி நிற்கும்.

கணக்கு விரும்புபவர்களுக்கு இன்னொரு வழி. வெறுங்காலில் சுவரில் சாய்ந்து நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கவட்டில் சீட் அழுத்துவதுபோல் மேலே இறுக்கிப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். அதை 0.883-ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. வந்தால் 70.6 செ.மீ.; கிராங்க் மையத்திலிருந்து சீட் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் அது. இந்தச் சூத்திரத்தைப் பரப்பியது டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட். நீண்ட பாதம், தடித்த அடிக்கட்டை உள்ள காலணி எல்லாம் இதை மாற்றும். தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொண்டு, குதிகால் முறையோடு ஒப்பிட்டு, இரண்டில் தாழ்ந்ததிலிருந்து ஏறிப் போவது என் வழக்கம்.

சீட் பில்லரில் இதற்கு மேல் தூக்காதே என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். அது சட்டத்துக்கு வெளியே தெரிந்தால் ஓட்டாதீர்கள். பில்லரோ சட்டமோ முறியும்.

முன்பின் நிலைக்குத் தூக்குநூல். இரண்டு பெடலும் தரைக்கு இணையாக இருக்கும்போது, முன்னால் இருக்கும் காலின் முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே இருக்கும் முண்டிலிருந்து நூலைத் தொங்கவிட்டால் நட்டு பெடலின் அச்சுக்கு நேராகத் தொங்க வேண்டும். இதுவும் தொடக்கப் புள்ளிதான், கட்டாய விதி அல்ல. பலர் மறக்கும் ஒரு விஷயம்: சீட் குழாய் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. 73 டிகிரிச் சாய்வில், சீட்டை 10 மி.மீ. உயர்த்தினால் அது பின்னாலும் 3 மி.மீ. போய்விடும். உயரத்தை மாற்றியபின் நூலை மறுபடி தொங்கவிடுங்கள்.

முன்னால் வழுக்குகிறேன், கை மரக்கிறது

மூக்கு அதிகம் கீழே சாய்ந்திருந்தால் உடல் வழுக்கிக்கொண்டே வரும். அதைத் தடுக்கக் கைகள் ஹேண்டில்பாரைத் தள்ளிக்கொண்டே இருக்கும், உள்ளங்கையும் சுண்டுவிரலும் மரக்கும், தோள் இறுகும். மரத்துப்போவதற்கு மருந்தாக மூக்கைத் தாழ்த்தியவர்கள் இந்தப் பள்ளத்தில் விழுகிறார்கள். மட்டத்துக்குத் திரும்பி, மரப்புக்கு அகலத்தையும் உயரத்தையும் பாருங்கள்.

சாய்வு மட்டமாக இருந்தும் எப்போதும் மூக்கின் நுனியிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் ஹேண்டில்பார் தொலைவில் இருக்கிறது. உடல் அதைத் தேடி முன்னால் நகர்கிறது. இதற்காகச் சீட்டை முன்னால் தள்ளாதீர்கள், முழங்கால் கெடும். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை குட்டையாக்குவதோ உயர்த்துவதோதான் வழி.

சீட் தானாக இறங்குகிறது, கிறீச்சிடுகிறது

காலையில் சரியாக இருந்தது, மாலையில் முழங்கால் வலிக்கிறது என்றால் பில்லரில் ஒட்டிய டேப் கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இறங்கியிருந்தால் பில்லரின் விட்டம் சட்டத்துக்குப் பொருந்தியதுதானா என்று சோதியுங்கள். 27.2 மி.மீ. வேண்டிய இடத்தில் 27.0 போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. உலோகப் பில்லருக்கு மெல்லிய கிரீஸ், கார்பனுக்கு அதற்கென்று உள்ள மணல்போன்ற பசை. கிறீச்சென்ற சத்தம் பெரும்பாலும் சீட் கம்பி கிளாம்ப்பில் உட்காரும் இடத்தில். கழற்றித் துடைத்து, துளி கிரீஸ் வைத்துச் சரியான இறுக்கத்தில் பூட்டினால் போய்விடும்.

பல வருடம் ஓட்டிய சீட் மெல்ல மெல்ல வலிக்கத் தொடங்கினால் அதன் பஞ்சு செத்திருக்கலாம், அடித்தட்டு தொய்ந்திருக்கலாம். நீளவாக்கில் அளவுகோலை வைத்தால் நடுவில் தொட்டில்போல் பள்ளம் தெரியும். அதைத் திருத்த முடியாது. தோல் சீட் மட்டும் விதிவிலக்கு. மூக்கின் அடியில் இருக்கும் நட்டைக் கால் சுற்று இறுக்கினால் தோல் மறுபடி விறைக்கும். அடிக்கடி இறுக்கினால் கிழியும்.

வீட்டுக்குள் ட்ரெய்னரில் மட்டும் வலிக்கிறது

வெளியே வலிக்காத சீட் உள்ளே வலித்தால் சீட்டைத் தொடாதீர்கள். சைக்கிளைப் பூட்டி நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் தாங்கிதான் ட்ரெய்னர். அதில் சைக்கிள் ஆடாது, புடைப்பு இல்லை, திருப்பம் இல்லை, எழுந்து நிற்கக் காரணமே வராது. ஒரே இடத்தில் பாறைபோல் உட்கார்ந்திருப்பீர்கள். கடிகாரம் பார்த்து எழுந்து நில்லுங்கள், மின்விசிறி வையுங்கள்.

எல்லாம் பார்த்தும் தீரவில்லை

இப்போது புது சீட் வாங்கலாம். கையில் இருக்க வேண்டியவை: எலும்பு அளவு, உட்காரும் விதம், வலிக்கும் இடம். அட்டை அளவோடு கூட்டி வந்த எண்ணுக்கு மிக அருகில் உள்ள அகலத்தை எடுங்கள். கடையில் கிடைக்கும் இரண்டு அகலங்களுக்கு நடுவில் அந்த எண் வந்தால் அகன்றதை எடுப்பேன். உரசல் இருப்பவர் மட்டும் குறுகியதை முயலலாம். நன்றாகக் குனிந்து ஓட்டி, கவட்டில் அழுத்தம் வருபவருக்குக் குட்டை மூக்கு சீட் உண்மையிலேயே விடுதலை. வழக்கமான சீட் 270, 280 மி.மீ. நீளம் என்றால் இவை 240 முதல் 255. முன்னும் பின்னும் நகர்ந்து உட்காரும் பழக்கம் உள்ளவருக்கு இவை பிடிக்காது.

தோல் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1866-ல் பர்மிங்காமில் தொடங்கிய புரூக்ஸ் இன்றும் செய்யும் பி17 போன்ற சீட்கள் முதலில் பலகைபோல் இருக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் உங்கள் எலும்புக்கே பள்ளம் விழுந்து, வேறு எதுவும் தராத பொருத்தம் தரும். மழையில் நனையவிடாமல் பார்த்துக்கொள்ளப் பொறுமை இருந்தால் மட்டும் எடுங்கள். நீண்ட பயணம் போகிறவர்களிடம் இதையே முதலில் சொல்வேன்.

கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பது எதையும் சொல்லாது. ஓட்டிப் பார்த்துத் திருப்பித்தர முடியுமா என்று கேட்டு வாங்குங்கள். கம்பியையும் பாருங்கள்: சாதாரணக் கம்பி 7 மி.மீ. வட்டம், கார்பன் கம்பி பல சீட்களில் 7-க்கு 9 மி.மீ. நீள்வட்டம், அது எல்லா கிளாம்ப்பிலும் உட்காராது.

மாட்டும்போது பழைய சீட்டின் மூக்கு இருந்த இடத்தில் புதிதின் மூக்கை வைக்காதீர்கள், நீளம் வேறு என்றால் நீங்கள் உட்காரும் இடமும் மாறிவிடும். பழைய சீட்டில் அகலம் சரியாக 80 மி.மீ. ஆகும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஹேண்டில்பார் வரை அளந்துகொள்ளுங்கள். புது சீட்டிலும் 80 மி.மீ. அகலம் வரும் இடம் அதே தூரத்தில் இருக்க வேண்டும். உயரத்தையும் அந்த இடத்திலேயே அளந்து பழைய எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். கம்பியிலிருந்து மேற்பரப்பு வரை ஒவ்வொரு சீட்டும் ஒவ்வொரு தடிமன், பில்லரைத் தொடாமலே 10 மி.மீ. மாறியிருக்கலாம். ரசமட்டம் வைத்து மட்டமாகப் பூட்டுங்கள். முதல் வாரம் அலன் கீ சட்டைப்பையிலேயே இருக்கட்டும், வழியில் நிறுத்திக் கால் சுற்று திருத்த வேண்டி வரும்.